பெயர் கடைசியில்: கவிதையில் அணியையும் ஓசையையும் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளின் கொப்பி திருத்தும் எவருக்கும் இந்த வசனம் மனப்பாடமாகியிருக்கும்: "இக்கவிதையில் எதுகை, மோனை, உவமை, உருவகம் என்பன மிகச் சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளன." எந்தக் கவிதை வந்தாலும் இதே பதில்தான். நானும் படிக்கிற காலத்தில் இதைத்தான் எழுதினேன். மோனை மருந்துக்கும் இல்லாத ஒரு கவிதைக்கு ஒருமுறை இப்படி எழுதி, முழுப் புள்ளியும் வாங்கினேன். திருத்தியவரும் கவிதையைப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது.

இப்போது இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பின்நேரங்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். இவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே பாதி அணி இருக்கிறது. மழை பெய்து கலங்கிய ஆற்றைப் பார்த்து "சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) கணக்கா ஓடுது" என்று சொல்கிற பிள்ளைதான், வகுப்புக்கு வந்ததும் "உவமைன்னா என்ன டீச்சர்?" என்று கேட்கிறது. பெயரை முதலில் சொல்லிக் கொடுத்து, பிறகு அதைக் கவிதைக்குள் தேட அனுப்புகிறோம். நான் இப்போது தலைகீழாகச் செய்கிறேன். முதலில் காதால் கேட்க வேண்டும். அடுத்துப் பொருளைப் பிடிக்க வேண்டும். பெயர் கடைசியில் வந்தால் போதும்.

விளக்குவதற்காக நானே எழுதிய நான்கு அடிகளை எடுத்துக்கொள்கிறேன். பெரிய கவிதை ஒன்றும் இல்லை. பொறிகள் சில வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மூடுபனி மூதாட்டி போல்முகட்டில் குந்தும்
கூடையிலே வீழ்கின்ற கொழுந்தெல்லாம் காசு
ஆடியிலே அழுகின்ற வானத்தைப் பார்த்தே
தேடுகிறாள் என்னம்மா தொலைந்துபோன பேரை

முதல் படி: வாய்விட்டு மூன்று தரம்

கண்ணால் படிக்கிறவருக்கு எதுகை தெரியும், ஓசை கேட்காது. எனவே வாய்விட்டுப் படியுங்கள். முதல் தரம் சும்மா படியுங்கள். இரண்டாம் தரம் ஒவ்வொரு சீருக்கும், அதாவது அடியில் இடைவெளி விட்டு நிற்கிற ஒவ்வொரு துண்டுக்கும், மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள். மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிறதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கூடக் கொடுக்க வேண்டியதில்லை, கை தானாகவே போகும். மூன்றாம் தரம் பென்சிலோடு படியுங்கள். நாக்கு தடுக்குகிற இடம், ஒரே எழுத்து திரும்ப வருகிற இடம், "இது என்ன, புரியவில்லையே" என்று தோன்றுகிற இடம், மூன்றிலும் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். இப்போதைக்குப் பெயர் எதுவும் எழுத வேண்டாம்.

இரண்டாம் படி: சொந்த வார்த்தையில் சொல்லிப் பாருங்கள்

பக்கத்து வீட்டு ஆளுக்குச் சொல்வதுபோலக் கவிதையைப் பேச்சாக மாற்றுங்கள். "மலை உச்சியில் மூடுபனி உட்கார்ந்திருக்கிறது. கொழுந்து எடுத்தால்தான் காசு. ஆடி மாதம், மழை பெய்கிறது. அம்மா மழையைப் பார்த்தபடி எதையோ தேடுகிறாள்." இந்த இடத்தில் தடுக்கும். பேரை எப்படித் தேடுவது? அப்படித் தடுக்கிற இடத்தில் பெரும்பாலும் ஓர் அணி இருக்கும். நேர்ப்பொருள் ஓடாத இடத்தில் கவிஞர் வேறு ஏதோ செய்திருக்கிறார் என்று அர்த்தம்.

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிற பிள்ளைகள்தான் பிறகு திணறுகிறார்கள். பழைய செய்யுள் என்றால் சொற்பொருளையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்ற குறளை எங்கள் வகுப்பில் படித்தபோது ஒரு பையன், "பீலியில தண்ணி நிறைய வந்து வண்டி உடைஞ்சிருச்சு" என்று விளக்கம் சொன்னான். சிரித்தோம், ஆனால் அவன்மேல் பிழை இல்லை. எங்கள் பக்கத்தில் பீலி என்றால் குளிக்கிற, தண்ணீர் பிடிக்கிற இடம். வள்ளுவருக்குப் பீலி மயிலிறகு. மயிலிறகு அவ்வளவு இலேசானது, அதையும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதில்தான் அந்தக் குறளின் உயிரே இருக்கிறது. பீலி எது என்று தெரியாமல் அணிக்குப் பெயர் சொல்லி என்ன பயன்?

மூன்றாம் படி: ஓசைக்குக் கணக்குப் பார்ப்பது

இங்கே நிதானமாகப் போவோம். விதி சிறியது, வழுக்குகிற இடம் அதிகம்.

எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. எங்கள் நான்கு அடிகளின் முதற்சீர்கள் மூடு, கூடை, ஆடி, தேடு. நான்கிலும் இரண்டாம் எழுத்து டகர வரிசை, நான்கிலும் முதலெழுத்து நெடில். இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முதலெழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். "பட்டு, கட்டு" எதுகை. "பாட்டு, காட்டு" எதுகை. "பட்டு, பாட்டு" எதுகை ஆகாது. அதில் பகர வரிசை இரண்டு தரம் வருவதால் மோனை இருக்கிறது, அது வேறு கதை.

மோனை என்றால் முதல் எழுத்து ஒன்றி வருவது. அதே எழுத்துத்தான் வர வேண்டும் என்றில்லை, இன எழுத்தும் வரலாம். உயிர்களில் அ, ஆ, ஐ, ஔ ஒரு குடும்பம். இ, ஈ, எ, ஏ ஒரு குடும்பம். உ, ஊ, ஒ, ஓ ஒரு குடும்பம். மெய்களில் ச–த, ஞ–ந, ம–வ சோடிகள். மெய் பொருந்தினால் மட்டும் போதாது, அதன்மேல் ஏறிய உயிரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். "மலை, வயல்" மோனை, பார்த்தால் அப்படித் தெரியாவிட்டாலும். "மலை, விலை" மோனை இல்லை, எதுகை.

இனி எங்கள் அடிகளுக்கு வருவோம். மூன்றாம் அடியில் ஆடியிலே, அழுகின்ற: முதல் இரண்டு சீரும் பொருந்துகின்றன, இணை மோனை. இரண்டாம் அடியில் கூடையிலே, கொழுந்தெல்லாம்: கூவும் கொவும் ஒரே குடும்பம், முதற்சீரும் மூன்றாம் சீரும் சேர்ந்தால் பொழிப்பு மோனை. அதே அடியில் காசு இருக்கிறதே என்று கேட்பார்கள். கா அகரக் குடும்பம், சேராது. முதல் அடியில் மூடுபனி, மூதாட்டி சரி. "முகட்டில்" கூட மு தானே? ஆமாம், ஆனால் அது சீரின் தொடக்கத்தில் இல்லை. "போல்முகட்டில்" என்பது ஒரே சீர், அது போவில் தொடங்குகிறது. மோனையைச் சீர்களின் முதலில்தான் பார்க்க வேண்டும், சொற்களின் முதலில் அல்ல. காதுக்கு அந்த மு இனிக்கிறது, அதை "மகரம் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது" என்று எழுதலாம். மோனைக் கணக்கில் சேர்க்க முடியாது. நான்காம் அடியில் தேடுகிறாள், தொலைந்து. கை தூக்கி "மோனை!" என்பார்கள். தே எகரக் குடும்பம், தொ ஒகரக் குடும்பம். பொறி அதுதான்.

இயைபு, அடிகளின் கடைசி ஒன்றி வருகிறதா என்று பார்ப்பது. குந்தும், காசு, பார்த்தே, பேரை. ஒன்றுமே இல்லை. இல்லை என்றால் இல்லை என்று விட்டுவிடுங்கள். இல்லாததை எழுதுகிற பழக்கத்தில்தான் நான் அந்தப் பாவப்பட்ட புள்ளியை வாங்கினேன்.

முரண் என்பது சொல்லாலோ பொருளாலோ எதிர்எதிராக நிறுத்துவது. "ஏறும்போது வெறுங்கூடை, இறங்கும்போது நிறைகூடை" என்று எழுதினால் இரண்டு முரண். ஏறும், இறங்கும் மோனையாகவும் நிற்கின்றன, ஏயும் இயும் உறவு என்பதால். அளபெடை, ஓர் எழுத்தை இயல்பான அளவைவிட நீட்டி ஒலிப்பது. அச்சில் நெட்டெழுத்துக்குப் பக்கத்தில் அதன் இனக் குறில் தனியாக நிற்கும். அடையாளம் காண இதைவிட எளிதானது ஒன்றுமில்லை. மழையைப் பற்றிய குறள் ஒன்றில் எல்லாமே சேர்ந்து வருகின்றன:

கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்மற் றாங்கே
எடுப்பதூஉம் எல்லாம் மழை

கெடுப்பதூஉம், எடுப்பதூஉம்: எதுகை, அளபெடை, முரண் மூன்றும் ஒரே சோடிச் சொல்லில். கெடு–கெட்டார், எடு–எல்லாம்: மோனை. மழைதான் கெடுக்கும், மழைதான் தூக்கியும் விடும் என்பதை அந்த நீட்டலோடு சொல்லிப் பாருங்கள். மண்சரிவு பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்த 'தூஉம்' சும்மா நீளவில்லை என்று புரியும்.

அந்தாதி, இரட்டைத் தொடை, செந்தொடை என்று இன்னும் உண்டு. ஓர் அடியின் கடைசி அடுத்த அடியின் தொடக்கமாக வந்தால் அந்தாதி என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண தரத்துக்கு அது போதும்.

நான்காம் படி: எழுத்தின் கனம்

எதுகை, மோனை கணக்கு முடிந்ததும் ஓசை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் கவிதையின் பாதி ஓசை கணக்குக்கு வெளியே இருக்கிறது. க, ச, ட, த, ப, ற அடிக்கிற எழுத்துகள். ங, ஞ, ண, ந, ம, ன மூக்கால் இழைகிற எழுத்துகள். ய, ர, ல, வ, ழ, ள வழுக்கிக்கொண்டு போகிறவை. தாலாட்டு ஏன் "ஆராரோ ஆரிராரோ" என்று வருகிறது, "கட்டாகோ கிட்டிகோ" என்று ஏன் வரவில்லை? பிள்ளை தூங்க வேண்டுமே! தொல்காப்பியம் இந்த ஓசை வேறுபாட்டையெல்லாம் இருபது வண்ணங்களாக வகுத்திருக்கிறது. வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம்.

ஓசை பொருளுக்கு எப்போதும் ஒத்துத்தான் ஊத வேண்டும் என்றில்லை. சூர்ப்பணகை அழகியாக உருமாறி இராமனிடம் வருகிற இடத்தில் கம்பர், "வஞ்சியென நஞ்சமென வஞ்ச மகள் வந்தாள்" என்கிறார். ஞ்ச, ஞ்ச என்று சலங்கை போல ஒலிக்கிறது. அந்த இனிப்புக்கு நடுவே "நஞ்சமென" என்று ஒரு சொல். காது மயங்கியிருக்கிற நேரத்தில் பொருள் குத்துகிறது. வேடமும் அப்படித்தானே, வெளியே மென்மை, உள்ளே விஷம். ஓசைக்கும் பொருளுக்கும் உள்ள உறவை எழுதச் சொன்னால் எழுத வேண்டியது இதுதான்.

ஒலிக்குறிப்புச் சொற்களும் இங்கேதான் வரும். தகரக் கூரையில் மழை சடசடவென்று கொட்டுகிறது. 'சட' என்று தனியே பிரித்தால் பொருளில்லை, எனவே இரட்டைக்கிளவி. "வா வா" என்பதைப் பிரித்தாலும் பொருள் தரும், எனவே அடுக்குத்தொடர். இலக்கணப் பகுதியில் படித்ததை இலக்கியப் பகுதியில் மறந்துவிடுகிறோம். வேறுவேறு கொப்பிகள் என்பதுதான் காரணமோ என்னவோ.

ஐந்தாம் படி: எது எதுபோல் இருக்கிறது

உவமை கண்டுபிடிக்க உருபைத் தேடச் சொல்வார்கள். நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைப, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று பட்டியல் தருகிறது. நாட்டார் பாட்டிலும் புதுக்கவிதையிலும் மாதிரி, கணக்கா, ஆட்டம் என்று வரும். உருபு உதவும்தான், ஆனால் ஏமாற்றவும் செய்யும். "மழை வரும் போல" என்பதில் உவமை எங்கே இருக்கிறது? அது ஊகம். எனவே உருபைக் கண்டதும் ஒரு கேள்வி கேளுங்கள்: எதற்கு எது ஒப்பு, எந்த விதத்தில் ஒப்பு?

இந்த 'எந்த விதத்தில்' என்பதற்குத் தொல்காப்பியம் நான்கு கதவு திறந்து வைத்திருக்கிறது: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒப்பு, பயனால் ஒப்பு, வடிவால் ஒப்பு, நிறத்தால் ஒப்பு. எங்கள் ஊர்ப் பொருளிலேயே பார்ப்போம். தேயிலைச் செடியை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி போல ஒரு சொல் வெட்டுகிறது, அது வினை. பீலி போல ஓயாமல் கொடுக்கிற கை, அது பயன். சரிவில் படிக்கட்டுப் போல அடுக்கிய லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்), மெய். சாயத்தண்ணி போல ஆறு, உரு. எங்கள் கவிதையில் மூடுபனி மூதாட்டி போல் குந்துகிறது. எந்த விதத்தில்? வெள்ளை என்பதால் நிறமும் உண்டு, அசையாமல் உட்காருவதால் செயலும் உண்டு. "குந்தும்" என்ற வினை வெளிப்படையாக இருப்பதால் செயலுக்கே முதலிடம் கொடுப்பேன். "வினையால் அமைந்த உவமை, நிறமும் உடன் தோன்றுகிறது" என்று ஒரு பிள்ளை எழுதினால் அதற்கு மேல் நான் எதுவும் கேட்க மாட்டேன்.

உருவகத்தில் உருபு இல்லை. இதுதான் அது என்று சொல்லிவிடுகிறோம். "கொழுந்தெல்லாம் காசு." காசு போல என்று சொல்லவில்லை. இரண்டு சொல் சேர்ந்து தொகையாக வரும்போது வரிசையைப் பாருங்கள். "கொழுந்துவிரல்" என்றால் கொழுந்து போன்ற விரல், உவமை முன்னே நிற்கிறது. "விரற்கொழுந்து" என்றால் விரலாகிய கொழுந்து, உருவகம். இரண்டு சொல் இடம் மாறினால் அணி மாறுகிறது. 'போன்ற' போட்டுப் பாருங்கள், 'ஆகிய' போட்டுப் பாருங்கள், எது பொருந்துகிறதோ அதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. மலையடி, ஊசிக்காது, ஆற்று வாய் இவையெல்லாம் ஒரு காலத்தில் உருவகமாக இருந்திருக்கலாம். இன்று வெறும் பெயர்கள். இவற்றுக்கு அடிக்கோடு போடாதீர்கள். கவிஞர் வேண்டுமென்றே அவற்றை உயிர்ப்பித்தால் மட்டும் கணக்கில் எடுங்கள், "மலையடி வலிக்குதாம், மழை பிடித்து விடுகிறது" என்பதுபோல.

ஆறாம் படி: ஒளிந்திருப்பவை

'போல' என்றும் இல்லை, 'ஆகிய' என்றும் இல்லை, ஆனாலும் ஏதோ நடக்கிறது. முதல் படியில் வைத்த புள்ளிகளுக்குத் திரும்பிப் போங்கள்.

"அழுகின்ற வானம்." வானம் அழாது. அஃறிணைக்கு மனிதச் செயலை ஏற்றியிருக்கிறோம். உடனே தற்குறிப்பேற்ற அணி என்று எழுதிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். தற்குறிப்பேற்றத்துக்கு மூன்று வேண்டும்: இயல்பாக நடக்கிற நிகழ்ச்சி, அதற்குக் கவிஞர் கற்பிக்கிற காரணம், அந்தக் காரணம் உண்மையல்ல என்று நமக்குத் தெரிந்திருப்பது. தெமோதரையில் ரயில்பாதை ஒரு வளையம் போட்டு, நின்ற நிலையத்துக்கே அடியில் நுழைந்து போகிறது. மலைச்சரிவுக்காகப் போட்ட பாதை அது. "ஊரைப் பிரிய மனமில்லாமல் ஒருதரம் சுற்றிப் பார்த்துப் போகிறது ரயில்" என்று எழுதினால் தற்குறிப்பேற்றம். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் ஆடுவதை, கோவலனைப் பார்த்து "வாரல்" என்று மறித்துக் கைகாட்டுவதாகச் சொல்வதும் இதே வேலை. எங்கள் வானத்துக்கு நான் காரணம் எதுவும் கற்பிக்கவில்லை. "அம்மாவுக்காக அழுகிற வானம்" என்றிருந்தால் வாதாடலாம்.

அடுத்து "பேர்". இரண்டாம் படியில் தடுக்கிய இடம். தோட்டத்தில் பேர் என்றால் ஒருநாள் வேலைக்கான பதிவு, அன்றைய சம்பளம். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்றால் முழுநாள் சம்பளம் கிடைத்ததா என்று கேள்வி. மழையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மழையைப் பார்த்துக்கொண்டே தொலைந்த பேரைத் தேடுகிற அம்மா அன்றைய கூலியைத் தேடுகிறாள், தன் பெயரையும் தேடுகிறாள். ஒரே சொல் இரண்டு பொருளில் நின்றால் சிலேடை, இரட்டுற மொழிதல் என்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்து படிக்கிறவருக்கு ஒரு பொருள்தான் கிடைக்கும். லயத்தில் இருந்து படிக்கிறவருக்கு இரண்டும் கிடைக்கும்.

ஒரு பிள்ளை இதை வீட்டில் வாசித்துக் காட்டியதாம். அவள் தாத்தா, "இது 48ல பேர் போன கதை" என்றாராம். தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், அதன்பின் வாக்காளர் இடாப்பிலிருந்து பெயர்கள் போனதும் அவருக்கு மறக்கவில்லை. மனதைத் தொடுகிற வாசிப்பு. ஆனாலும் பரீட்சைத் தாளில் எழுதினால் நான் கேட்பேன்: கவிதைக்குள் அதற்குச் சான்று எது? கூலிக்குச் சான்று இருக்கிறது: கூடை, கொழுந்து, காசு, மழை. குடியுரிமைக்கு ஒரு சொல்லும் இல்லை. "பேர் என்ற சொல் மூத்தவர்களுக்கு இதையும் நினைவூட்டும்" என்று வேண்டுமானால் எழுதலாம், "கவிஞர் இதைத்தான் சொல்கிறார்" என்று எழுத முடியாது.

ஆகுபெயர் கொஞ்சம் எளிது. "லயமே அழுதது" என்றால் அழுதது சுவரும் தகரமும் அல்ல, உள்ளே இருக்கிற சனம். இடத்தின் பெயர் ஆட்களுக்கு ஆகி வருகிறது. உயர்வு நவிற்சிக்கு நம்ப முடியாத அளவு என்பதே அடையாளம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் இதை அதிசய அணி என்கிறது. நிரல்நிறைக்கு எண்ணிப் பாருங்கள். இல்வாழ்க்கை பற்றிய குறளில் "அன்பும் அறனும்" என்று முன்னே இரண்டு, "பண்பும் பயனும்" என்று பின்னே இரண்டு, அதே வரிசையில் பொருந்தும். வஞ்சப் புகழ்ச்சிக்குக் குரல்தான் துப்பு. "எங்கள் தலைவருக்கு இளகிய மனம்; தேர்தல் வந்தால் எங்களைக் கண்டு கண்ணீர் விடுவார்." புகழ்கிற வாய் கோணுவது கேட்கிறதா?

உவமையை மட்டும் சொல்லி, சொல்ல வந்த பொருளைச் சொல்லாமல் விட்டால் பிறிதுமொழிதல். மயிலிறகு வண்டி அதற்குத்தான் நல்ல உதாரணம். வண்டியைப் பற்றிப் பேசிவிட்டு வள்ளுவர் போய்விடுகிறார். வலி அறியாமல் பகைவரைச் சேர்த்துக்கொண்டே போகிற அரசனை நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும். தண்டியலங்காரத்தில் பொருளணிகள் மட்டும் 35. அத்தனையையும் மனப்பாடம் செய்யாதீர்கள். மேலே சொன்னவற்றைக் கவிதைக்குள் வைத்துக் காட்டத் தெரிந்தால் சாதாரண தரம் தாராளமாகத் தாண்டும்.

ஏழாம் படி: அதனால் என்ன?

கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இந்தக் கேள்வியை எழுதுங்கள். அதனால் என்ன? இந்த அணி இல்லாவிட்டால் கவிதைக்கு என்ன நட்டம்? சொல்லை மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. "மூடுபனி போர்வைபோல்" என்று மாற்றுங்கள். பனிக்குப் போர்வை என்று நூறு பேர் எழுதியாயிற்று. அதைவிட, போர்வை இதமானது. மூதாட்டி குந்தினால் எழும்ப மாட்டாள், பார்த்துக்கொண்டே இருப்பாள். வேலைக்குப் போகிறவளுக்கு மேலே ஒரு கண் இருக்கிறது என்ற உணர்வு போர்வையில் வராது. இப்படி ஒரு வித்தியாசத்தைச் சொல்ல முடிந்தால்தான் அணியைப் பிடித்தீர்கள் என்று பொருள்.

எட்டாம் படி: விடை எழுதுவது

மூன்று துண்டு போதும்: அடியை எடுத்துக் காட்டுங்கள், பெயர் சொல்லுங்கள், செய்த வேலையைச் சொல்லுங்கள்.

மட்டமான விடை: "இக்கவிதையில் எதுகை சிறப்பாக அமைந்துள்ளது."

நல்ல விடை: "மூடு, கூடை, ஆடி, தேடு என நான்கு அடிகளும் அடியெதுகை பெற்று வருகின்றன. நெடிலில் இழுத்து டகரத்தில் மோதும் இந்த ஓசை, ஏறி நின்று ஏறி நின்று கொழுந்தெடுக்கும் நடையை நினைவூட்டுகிறது."

இரண்டாவது விடையில் கடைசிப் பகுதியோடு நான் உடன்படாமலும் போகலாம். பரவாயில்லை, சண்டை பிடிக்க அங்கே ஒரு விஷயம் இருக்கிறது. முதல் விடையோடு சண்டை பிடிக்கக்கூட முடியாது.

எல்லாப் படியும் ஒரே பாட்டில்

என் நான்கு அடிகளை விடுங்கள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலம் தொட்டு இந்த மலைகளில் பாடப்பட்டு வந்த, யார் கட்டியது என்று தெரியாத பாட்டு ஒன்று இருக்கிறது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் இப்படிப்பட்ட பாடல்களைத் தேடிச் சேர்த்திராவிட்டால் பலவும் அழிந்தே போயிருக்கும்.

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நான் மறந்தேன்

வாய்விட்டுப் படியுங்கள். ஊரான, பேரான: எதுகை, இரண்டும் நெடில், கச்சிதம். ஊரான, ஊரிழந்தேன், ஒத்தப்பனை: ஊவும் ஒவும் ஒரே குடும்பம், மோனை. பேரான, பெத்த: பேயும் பெயும் ஒரே குடும்பம், மறுபடி மோனை. இழந்தேன், இழந்தேன், மறந்தேன்: இயைபு. யாப்பு படித்தவர்கள் கட்டியதல்ல, காதில் வளர்ந்தது. எந்தப் புலவரும் இதில் பிழை பிடிக்க முடியாது.

பொருளுக்கு வருவோம். "ஒத்தப்பனைத் தோப்பு." ஒற்றைப் பனை எப்படித் தோப்பாகும்? ஊரில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பனையாக இருக்கலாம். இழந்த பிறகு அது தோப்பாகத் தெரிகிறது. அல்லது தோப்பு முழுவதிலும் ஒற்றை மரம் மட்டும் நினைவில் நிற்கிறது. எப்படிப் படித்தாலும் ஒன்றுக்கும் பலவுக்கும் நடுவே ஒரு முரண் வேலை செய்கிறது. பனை வறண்ட நிலத்து மரம், கொட்டகலையிலும் நானுஓயாவிலும் நிற்காது. அந்த ஒரு மரத்தைச் சொன்னதும் கடலுக்கு அந்தப் பக்கத்துச் சீமை முழுவதும் வந்து நிற்கிறது. இப்படி ஒரு பொருள் தன்னைவிடப் பெரிய ஒன்றைச் சுமந்து நின்றால் புதுக்கவிதைக்காரர்கள் குறியீடு என்பார்கள். "கண்டி" என்றால் கண்டி நகரம் மட்டுமல்ல, அந்தக் காலத்துப் பேச்சில் மலைநாடு முழுக்கக் கண்டிச்சீமைதான். "பேரான" என்ற அடைமொழியைச் சொல்லும்போது குரல் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். அந்தப் பேரைக் கேட்டுத்தானே வந்தார்கள்.

இனி வினைகள். இழந்தேன், இழந்தேன் என்று இரண்டு தரம். மூன்றாவதாக வர வேண்டிய இழந்தேன் வரவில்லை, மறந்தேன் வருகிறது. ஊரையும் தோப்பையும் பறிகொடுத்தாள். தாயை மட்டும் தானே மறந்தாள், பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள். ஓசையில் அதே வாய்பாடு நீடிப்பதால் காது மாற்றத்தைக் கவனிக்காமல் போகும், ஒரு கணம் கழித்துத்தான் உறைக்கும். இயைபு என்று பெயர் எழுதிவிட்டு நகர்ந்திருந்தால் இந்த இடம் கைக்கு வந்திருக்காது.

புதுக்கவிதையாக இருந்தால்

எதுகை தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எங்கே அடியை உடைத்திருக்கிறார்கள், எதைத் திரும்பச் சொல்கிறார்கள், எந்தக் காட்சி கண்ணில் நிற்கிறது என்று பாருங்கள்.

அப்பாயின் கூடையில்
இன்னும் இருக்கிறது
நாற்பது வருட
மழை

அப்பாய் என்றால் அப்பாவின் அம்மா. 'மழை'யைத் தனி அடியில் விட்டது ஏன்? "நாற்பது வருட" என்று வந்ததும் உழைப்பு, பென்சன், சம்பளம் ஏதோ வரும் என்று காத்திருக்கிறோம். மழை வருகிறது. கூடையில் மழை நிற்காது, ஒழுகிவிடும். காட்சியாக விரிகிற இதைப் படிமம் என்கிறோம்.

உங்களுக்கு ஒன்று

அட்டை கடித்த காலோடே
அம்மா வந்தாள் மாலையிலே
சட்டிச் சோறு பொங்கியதும்
சந்திரன் வந்தான் விருந்தாளி

எட்டுப் படியையும் போட்டுப் பாருங்கள். எதுகை ஒன்று இருக்கிறது, மோனை இரண்டு இடத்தில் இருக்கிறது, ஒரே வினை இரண்டு தரம் வருகிறது, ஓர் உருவகம் நிற்கிறது. போன வாரம் தரம் பத்துக்கு இதைக் கொடுத்தேன். எல்லோரும் அட்டை, சட்டி என்று எதுகையை வட்டம் போட்டார்கள். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் எதற்கும் வட்டம் போடாமல், கடைசி அடிக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள்: "டீச்சர், இந்த வீட்ல கரண்டு இல்ல."